ஒரே வரியில் இரண்டு திடாக்

சென்ற வாரம் ஷாலினி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த மாவட்டக் கல்வி அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வளர்த்துப் படிக்க வைக்கிறோம் என்று விலக்கு வாங்கிய குடும்பங்களைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது அவள் வேலைகளில் ஒன்று. என் காலத்தில் அந்தக் கோப்புகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். இப்போது அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அதுதானாம்.

“சார், அந்த வாசிப்பு அட்டையெல்லாம் எடுத்துட்டாங்க. இப்ப டேப்லட். பிள்ளை கையில குடுத்தா அதுவே மார்க் போட்டுடும்.”

“டேப்லட்டத் தலைகீழா பிடிச்சா எழுத்து என்னம்மா ஆகும்?”

“தானா திரும்பி நேரா வந்துடும் சார். ஏன்?”

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது. நிறுத்த முடியவில்லை. சோபாவில் சாய்ந்தேன், கண்ணாடியைக் கழற்றினேன், இருமினேன், மறுபடி சிரித்தேன். என் மனைவி சரஸ் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, நெஞ்சுவலியோ என்று என் முகத்தைப் பார்த்தாள். மறுமுனையில் ஷாலினி, “சார், ஓகேயா சார்? அலமாக், என்ன ஆச்சு சார்?” என்று கத்திக்கொண்டிருந்தாள். மூச்சு திரும்பியதும் அவளுக்குத் துர்காஷினியின் கதையைச் சொன்னேன். “இத எழுதி வைங்க சார், எங்களுக்கு உதவும்” என்றாள். உதவுமா என்று தெரியாது. எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பிறகு லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. அங்கே பத்தொன்பது வருடம் முதலாம் ஆண்டு ஆசிரியர். வருட நடுவில் வரும் நீண்ட விடுமுறைக்குள் என் வகுப்பில் ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் வாசிக்கும். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மற்றப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் வந்து என் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார்கள். காலையில் நாற்பது நிமிடம் எழுத்து, நாற்பது நிமிடம் சொல், யாருக்கும் தப்பிக்க வழி கிடையாது. அந்தப் பெருமையைத் தூக்கிக்கொண்டுதான் நான் மாவட்ட அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தேன். செனாயில் வீடு வாங்கிக் குடியேறியதும் அப்போதுதான்.

அங்கே எனக்கு வாய்த்த மேலதிகாரி ஹமிடா அம்மையார், மலாயில் புவான் ஹமிடா. மெலிந்த உருவம், தலையை மூடி எப்போதும் சாம்பல் நிறத் துடோங், எப்போதும் மேசையின் வலது ஓரத்தில் ஒரு முப்பது சென்டிமீட்டர் இரும்பு அளவுகோல். கோடு போட அல்ல. அறிக்கை வாசிக்க. ஒவ்வொரு வரிக்குக் கீழும் அளவுகோலை வைப்பார். வரியை வாசிப்பார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து மூன்றே சொல் கேட்பார்.

“நம்பாக் அத்தாவ் டெங்கார்?”

பார்த்ததா, கேட்டதா என்று அர்த்தம். பார்த்தது என்றால் அளவுகோல் கீழே இறங்கும். கேட்டது என்றால், யார் சொல்லிக் கேட்டது என்று ஓரத்தில் எழுதவேண்டும். இரண்டும் இல்லை என்றால் சிவப்புப் பேனா. முதல் மாதம் நான் எழுதிய ஓர் அறிக்கையில் ‘இவன் சோம்பேறி’ என்று ஒரு வரி இருந்தது. அளவுகோல் நின்றது.

“சோம்பேறித்தனத்தப் பார்த்தீங்களா, சிக்கு மணியம்?”

ஆசிரியர்களை மலாயில் சிக்கு என்றுதான் அழைப்பார்கள். அலுவலகம் வந்த பிறகும் அவர் எனக்கு அந்தப் பட்டத்தை விடவில்லை.

“பார்த்தேன் புவான்.”

“என்ன நிறம்?”

“பத்து மணிக்குப் போனேன், படுத்திருந்தான்” என்றேன். “அத எழுதுங்க” என்று சொல்லி, சோம்பேறியை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். அவன் டெங்கிக் காய்ச்சலில் படுத்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒருநாளும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கேட்டதுமில்லை.

இனி அந்த அட்டைகள். மூன்று அட்டை. முதலாவதில் இருபது எழுத்து, இரண்டாவதில் பத்துச் சொல், மூன்றாவதில் பூனை மீன் திருடிய கதை நான்கு வரி. எல்லாம் மலாயில். ஓர் எழுத்துக்கு மூன்று விநாடி. பிள்ளை தடுமாறினால் உதவக்கூடாது, தலையாட்டக்கூடாது, புருவத்தைக்கூடத் தூக்கக்கூடாது. இன்னொரு விதி: அதிகாரி பிள்ளைக்கு எதிரே உட்காரக்கூடாது, பக்கத்தில்தான் உட்காரவேண்டும். எதிரே உட்கார்ந்தால் பிள்ளை பயப்படுமாம். நல்ல விதிதான். அதை நான் ஒருமுறைகூட மீறியதில்லை. அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

துர்காஷினியின் வீடு பெக்கான் நானாஸ் ஊரைத் தாண்டி, செம்மண் சந்து ஒன்றின் கடைசியில் இருந்தது. பின்னால் அன்னாசித் தோட்டம், முன்னால் தகரக் கூரை போட்ட மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. கடை அவள் அப்பா கணேசனுடையது. அம்மா லோகா செனாயில் ஒரு மின்னணுச் சில்லுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பத்து வருடம் வேலை செய்துவிட்டு நின்றவர். முதல்முறை நான் போனபோது துர்காவுக்கு ஏழு வயது. முன்பற்கள் இரண்டும் இல்லை. நான் காரை விட்டு இறங்குவதற்குள் அவளே ஓடிவந்தாள்.

“அங்கிள், உங்க காரு கீச்சு கீச்சுனு கத்துது. பெல்ட்டு போகப்போகுது.”

“வணக்கம் சொல்லணும் முதல்ல” என்றேன்.

“வணக்கம் அங்கிள். பெல்ட்டு போகப்போகுது.”

கூடத்தில் சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதல் அட்டையை நீட்டினேன். உற்றுப் பார்த்தாள். தலையைச் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். பிறகு சொன்னாள்:

“இதுல யாரோ காப்பி கப்ப வெச்சிருக்காங்க. வட்டமா கறை இருக்கு. நீங்களா?”

நான்தான். இருபது எழுத்துக்கும் பூஜ்யம். இரண்டாம் அட்டைக்கும் பூஜ்யம். மூன்றாவதை நான் எடுக்கவே இல்லை.

“எனக்கு இன்னும் வாசிக்க வரல அங்கிள்” என்றாள், பல் இல்லாத வாயைக் காட்டிச் சிரித்துக்கொண்டே. வெட்கமே இல்லை. நீச்சல் தெரியாது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

லோகா அன்னாசியை உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொண்டுவந்து வைத்தார். “நாங்க உக்கார வெச்சுச் சொல்லிக்குடுக்கறதில்ல சார். கதை கேட்டா வாசிச்சுக் காட்டுவோம். இது என்னன்னு கேட்டா சொல்லுவோம். அவ கேக்கலன்னா நாங்களும் கேக்கறதில்ல.”

“ஏழு வயசு ஆகுதேம்மா. பள்ளிக்கு அனுப்பிப் பார்க்கலியா?”

“அஞ்சு மாசம் போனா சார். பள்ளி மேல ஒரு தப்பும் இல்ல, டீச்சரும் நல்லவங்க. எழுத்து வரலன்னு தெரிஞ்சதும் இவ பேசறத நிறுத்திட்டா. வீட்லயும் பேசல. பசிக்குதுன்னுகூட சொல்ல மாட்டா.” அவர் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “பத்து வருஷம் சில்லுல கோளாறு தேடற வேலை சார் எனக்கு. பிள்ளகிட்டயும் அதையே தேடிட்டிருந்தேன். ஒருநாள் நிறுத்திட்டேன். மூணு வாரத்துல மறுபடி பேச ஆரம்பிச்சா. இன்னும் வாய மூடல.”

முதலாம் ஆண்டில் ஒருவரையும் தப்பவிடாத எனக்கு அது பிடிக்கவில்லை. எழுதிக்கொண்டேன். திரும்பும் வழியில் செனாய் விளக்குச் சந்திப்பில் என் காரின் பெல்ட் அறுந்தது.

அந்த அறிக்கையில் ‘அட்டையைப் பார்க்காமல் தலையைச் சாய்த்து விளையாடினாள்’ என்று எழுதியிருந்தேன். புவான் ஹமிடாவின் அளவுகோல் அங்கே நின்றது. “விளையாட்டப் பார்த்தீங்களா?” சிவப்புப் பேனா ‘அட்டையைப் பார்க்காமல்’ என்பதையும் ‘விளையாடினாள்’ என்பதையும் அடித்தது. மிஞ்சியது ‘தலையைச் சாய்த்தாள்’ மட்டும். “எந்தப் பக்கம்?” என்று கேட்டார். நினைவில்லை என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். பெல்ட்டைப் பற்றியும் எழுதச் சொன்னார். கேட்டது, சொன்னவர் பிள்ளை, பிறகு பார்த்தது, செனாய் சந்திப்பு.

அடுத்த வருகையிலும் பூஜ்யம். அதற்கடுத்ததிலும் பூஜ்யம். பல் முளைத்துவிட்டது, எழுத்து முளைக்கவில்லை. ஆனால் அவள் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். அன்னாசிப் பழத்தின் கண்களைச் சுற்றிச் சுற்றி எண்ணினாள், ஒரு பக்கம் எட்டு வரிசை, மறு பக்கம் பதின்மூன்று என்று எனக்குக் காட்டினாள். லோகா வாசித்துக் காட்டிய கதைகளை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள், குரல் மாற்றி, ஓடிக் குதித்து. எல்லாவற்றையும் எழுதினேன். புவான் ஹமிடா எல்லாவற்றையும் விட்டுவைத்தார். ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. தொடர்ந்து பூஜ்யம் வந்தால் விலக்கை ரத்து செய்யப் பரிந்துரைக்கவேண்டும். பிறகு இரண்டு வாரத்தில் பிள்ளை பள்ளியில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பெற்றோர் மீது வழக்கு. துர்காவுக்கு ஒன்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இனித் தள்ளிப்போட முடியாது.

அந்த நான்காவது வருகை தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு. அந்த வாரமெல்லாம் எனக்குத் தூக்கம் சரியில்லை. பேசாமல் போன அந்தப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. மறுபடி அப்படி ஆக்கப்போகும் தாளில் கையெழுத்துப் போடப்போவது மட்டும் நான்.

வீட்டுக்குள் கால்வைக்க இடமில்லை. லோகா அன்னாசி டார்ட் செய்து விற்க ஆரம்பித்திருந்தார். சோபாவில், சாப்பாட்டு மேசையில், தொலைக்காட்சி மேல்கூடத் தட்டுகள். வீடே வெல்லமும் ஏலக்காயுமாக மணத்தது. தரை ஓரத்தில் துர்கா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அட்டையைக் காட்டினேன். பூஜ்யம். தலையைச் சாய்த்தாள். வலது பக்கம். இந்தமுறை கவனித்து வைத்துக்கொண்டேன்.

“எழுதறதுக்கு இடம் வேணும்மா” என்றேன். லோகாவுக்குப் புரிந்துவிட்டது என்ன எழுதப்போகிறேன் என்று. கெஞ்சவில்லை. “கடையில கௌண்டர் இருக்கு சார். பார்த்ததத்தானே எழுதுவீங்க, எழுதுங்க” என்று சொல்லிவிட்டு, மாவுக் கையோடு உள்ளே போனார்.

கடையில் கணேசன் ஒரு மோட்டார் சைக்கிளின் கீழே படுத்திருந்தார். நான் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்து, அவருடைய வேலைப் புத்தகத்தை நகர்த்திவிட்டுப் படிவத்தை விரித்தேன். வரும் வண்டிக்கு என்ன கோளாறு என்று அவர் தினமும் குறித்து வைக்கும் புத்தகம் அது. ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டவர் என்பதால் அச்சு அச்சாக, ஓர் எழுத்தும் இன்னோர் எழுத்தும் ஒட்டாமல் எழுதுவார். கௌண்டருக்கு மறுபக்கம் ஒரு பழைய சாய டின் கவிழ்த்துக் கிடந்தது. துர்கா வந்து வழக்கம்போல அதன்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் கௌண்டரில் ஊன்றினாள்.

நானும் அச்செழுத்துக்காரன்தான், முதலாம் ஆண்டு ஆசிரியனின் கை. மலாயில் எழுதினேன்: முரிட் இனி திடாக். இந்த மாணவி, அடுத்து ‘இல்லை’ என்ற சொல், அது வரை. அங்கே பேனா நின்றுவிட்டது. நான் வீட்டுக்குப் பின்னால் தெரிந்த அன்னாசித் தோட்டத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு மிச்சத்தை எழுதினேன்.

எதிரே கிளுக்கென்று ஒரு சிரிப்பு.

“அங்கிள், ஒரே வார்த்தைய ரெண்டு தடவ எழுதிட்டீங்க.”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். முரிட் இனி திடாக் திடாக் போலே மெம்பாச்சா.

“ஒரே மாதிரி இருக்குன்னு பார்த்தியா?” என்றேன்.

“இல்ல, திடாக் ரெண்டு தடவ இருக்கு. திடாக் ஒரு தடவ போதும்லா.” அவள் விரலை நீட்டி, தன் பக்கத்திலிருந்து, வரியின் கீழே நகர்த்தினாள். “முரிட்... இனி... திடாக், திடாக், போலே, மெம்... மெம்பாச்சா.”

இவளுக்கு வாசிக்க முடியாது என்று நான் எழுதியதை அவளே எனக்கு வாசித்துக் காட்டினாள்!

என்ன சத்தம் போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. கணேசன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார். நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து பையைக் கவிழ்த்தேன், அட்டைகள் தரையெல்லாம் சிதறின. பூனை மீன் திருடிய அட்டையைப் பொறுக்கி, அவளுக்கு நேராகப் பிடித்தேன். உதட்டைப் பிதுக்கினாள். தலைகீழாகத் திருப்பினேன். கடகடவென்று வாசித்தாள். பூனை வந்தது, மீனை எடுத்தது, ஓடியது, மூன்றாம் வரியில் ஒரு சொல்லில் மட்டும் தடுக்கி விழுந்து எழுந்து, நான்காம் வரியை முடித்துவிட்டு, “ஐயோ பாவம், மீன்காரரு” என்றாள்.

லோகா மாவுக் கையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. கன்னத்தில் கைவைத்திருந்ததால் முகமெல்லாம் மாவு.

“துர்கா, உனக்கு வாசிக்க வருதா? எங்ககிட்ட சொல்லவே இல்லியே!”

“இதுதான் வாசிக்கிறதா?” துர்காவுக்கு நிஜமாகவே ஆச்சரியம். “இது அப்பா எழுத்துன்னு நெனச்சேன். புத்தகத்துல இருக்கறதெல்லாம் வேற மாதிரிம்மா. எல்லாம் தலைகீழா நிக்குது.”

மூன்று வருடமாக அவள் அந்த டின்மேல் உட்கார்ந்து, அப்பா எழுதுவதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். பிரேக், ரந்தாய், லம்பு, திடாக் ஹிடுப். பிரேக், சங்கிலி, விளக்கு, ஸ்டார்ட் ஆகவில்லை. எழுதும்போதே கணேசன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுதுவார், பள்ளிப் பழக்கம். அவளுக்கு எழுத்தென்றால் அதுதான். அம்மா புத்தகம் வாசித்துக் காட்டும்போது சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் விதிப்படி பக்கத்திலேயே உட்கார்ந்தேன். நாங்கள் எல்லாரும் அவளுக்கு எழுத்தைத் தலைகீழாக நீட்டிக்கொண்டிருந்தோம்.

கணேசன் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி: “சார், அப்ப பாஸா?”

மறுநாள் ‘தலைகீழாக வாசிக்கிறாள்’ என்ற வரியில் அளவுகோல் நின்றது.

“நம்பாக் அத்தாவ் டெங்கார்?”

“நம்பாக்!” என்று கத்திவிட்டேன். பக்கத்து அறை தட்டச்சுச் சத்தம் நின்றது. அவர் அளவுகோலை அலமாரியில் வைத்துப் பூட்டினார். கைப்பையை எடுத்தார். “நானும் பார்க்கணும்” என்றார்.

அப்போதே பெக்கான் நானாஸுக்குக் கிளம்பினோம். கணேசனின் ஸ்டூலைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். துர்கா டின்மேல். நான் ஓரமாக. புவான் ஹமிடா ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, தன் பக்கம் நேராக வைத்து, மெதுவாக மலாயில் ஒரு வரி எழுதினார். ஏற்கெனவே மனப்பாடம் செய்ததாக இருந்துவிடக்கூடாது என்று அந்த இடத்திலேயே யோசித்து எழுதிய வரி.

துர்கா விரலை நகர்த்தினாள். “பெகாவாய்... இனி... சங்காட்... காராங்.” என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இந்த அதிகாரி ரொம்பக் கண்டிப்பு. யாரு அங்கிள்? இவங்களா?”

“என்ன சொல்றா?” என்று புவான் ஹமிடா கேட்டார். வேறு வழியில்லாமல் மலாயில் சொன்னேன்.

அவர் சிரித்தார். முதலில் மூக்கு வழியாக ஒரு காற்று மட்டும் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு கௌண்டரில் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பதினோரு வருடம் நான் கேட்காத சிரிப்பு, கோழி கொக்கரிப்பது போல இருந்தது. லோகாவுக்குத் தொற்றிக்கொண்டது, கணேசனுக்குத் தொற்றிக்கொண்டது, ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே துர்கா டின்னிலிருந்து விழுந்தாள். பிறகு புவான் ஹமிடா பூனை அட்டையை வாங்கித் தலைகீழாகப் பிடித்துத் தானே வாசிக்க முயன்றார். திக்கித் திக்கி, எழுத்துக் கூட்டி, பூனை மீனிடம் போய்ச் சேருவதற்குள் ஒன்றரை நிமிடம் ஆகிவிட்டது. “சிக்கு மணியம், நான் ஃபெயில்” என்றார். மறுபடி கொக்கரிப்பு.

லோகா மட்டும் சட்டென்று அமைதியாகி, “மேடம், இப்ப நாங்க இவளுக்கு நேரா வாசிக்கச் சொல்லிக்குடுக்கணுமா?” என்று கேட்டார்.

புவான் ஹமிடா திருப்பிக் கேட்டார். “இதுவரைக்கும் நீங்க என்ன சொல்லிக்குடுத்தீங்க?”

“ஒண்ணும் சொல்லிக்குடுக்கல.”

“அதையே தொடர்ந்து செய்ங்க.”

படிவத்தில் ‘வாசிக்கிறாள்’ என்று அவரே தன் கையால் எழுதினார். பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, ‘திசை: தலைகீழ்’ என்று சேர்த்தார். மேலிடத்திலிருந்து யாரோ ஒருவர் அதை எழுத்துப்பிழை என்று நினைத்துத் தொலைபேசியில் கூப்பிட்டது வேறு கதை. விலக்கு நீடித்தது.

நேராக வாசிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சில வாரம் கழித்து, வேலைப் புத்தகத்தில் தானே எழுதவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. எழுதுவதற்கு அப்பாவின் பக்கம் போகவேண்டியிருந்தது. போனாள். எழுத்தெல்லாம் திரும்பிக்கொண்டது. தமிழும் அப்படியே, அம்மாவின் டார்ட் பெட்டிகளுக்குப் பெயர் எழுதப் போய் வந்தது. அடுத்த வருகையில் என் அட்டையை நேராகப் பிடித்தபோது வாசித்துவிட்டு, “காப்பிக் கறைய இன்னும் துடைக்கலியா அங்கிள்?” என்றாள். இப்போது வளர்ந்துவிட்டாள். நிறைய வாசிக்கிறாளா என்று கேட்டால், இல்லை. தேவைப்பட்டதை வாசிக்கிறாள், மீதி நேரம் கையில் கிரீஸ்.

எல்லாப் பிள்ளைக்கும் விட்டால் தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஷாலினியிடமும் அப்படிச் சொல்லவில்லை. கண் சரியாகத் தெரியாமலேயே மூன்று வருடம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன், ஒரு கண்ணாடி போதுமாக இருந்தது. வீட்டில் படிக்க வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கடையில் நாள் முழுக்க நிற்கவைத்த தகப்பனையும் பார்த்திருக்கிறேன், அவர் மேல் நான் எழுதியது கடுமையான அறிக்கை. லோகா சும்மா இருக்கவில்லை. பிள்ளையை வாசிக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பேச்சு, கதை, ஸ்பேனர், அன்னாசி எல்லாம் அந்த வீட்டில் நாள் முழுக்க நடந்துகொண்டிருந்தது.

புவான் ஹமிடா கொக்கரித்த அந்த வாரச் சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு என் மகள் ஷர்மிளா வந்திருந்தாள். ஒரே மகள். சிங்கப்பூரில் வேலை, ஜொகூர் பாருவில் தோழிகளோடு வீடு. அவளுக்கும் சரசுக்கும் கடை, டின், இரண்டு திடாக் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். பாத்திரத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தும் காட்டினேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும், பெருமை தாங்காமல் நான் சொன்னேன்: “என்ன இருந்தாலும் நம்ம ஷர்மிளா நாலு வயசுலயே வாசிச்சா. அந்த முயல் கதைப் புத்தகத்த, வீட்டுக்கு வர்றவங்க முன்னால எப்படி வாசிப்பா!”

உண்மையில் அது லாபிஸில் பிரபலம். தலைமையாசிரியர் வந்தால் வாசிக்க வைப்பேன், கங்காணி வீட்டார் வந்தால் வாசிக்க வைப்பேன். முதலாம் ஆண்டு ஆசிரியரின் மகள் அல்லவா!

ஷர்மிளா கரண்டியைக் கீழே வைத்தாள். சரசைப் பார்த்தாள். சரஸ் ரசத்தைப் பார்த்தாள்.

“அப்பா,” என்றாள் ஷர்மிளா, “நான் வாசிக்கலப்பா.”

“என்னது?”

“புத்தகம் முழுக்க மனப்பாடம். முயல் படம் வந்தா முயல் வரி. நரி படம் வந்தா நரி வரி. நீங்க பக்கத்தத் திருப்புவீங்க, நான் சொல்லுவேன். ஒரு எழுத்துகூட தெரியாதுப்பா எனக்கு.”

நான் சரஸ் பக்கம் திரும்பினேன். “உனக்குத் தெரியுமா?”

“ஒருதடவ ரெண்டு பக்கம் சேர்ந்து திரும்பிடுச்சு. அவ பாட்டுக்கு நடுப்பக்கத்தையும் சேத்துச் சொல்லிட்டா” என்றாள் சரஸ். “நீங்க எவ்வளவு சந்தோஷமா கைதட்டுனீங்க தெரியுமா? எப்படிங்க சொல்றது?”

இருபது வருடத்துக்கு மேலாக இந்த இருவரும் அதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வரவேண்டும். சிரிப்பு வந்தது. தலைமையாசிரியர் முகத்தை நினைத்தேன், கங்காணி வீட்டார் வாயைப் பிளந்தது நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

“அப்ப நெஜமா எப்பம்மா வந்துச்சு உனக்கு?” என்று கேட்டேன்.

“ஏழு வயசு இருக்கும், முதலாம் ஆண்டுக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி.” அவள் முகம் மாறியது. அந்த இடத்தையே பார்ப்பதுபோலப் பார்த்தாள். “லாபிஸ் டவுனுக்கு பஸ்ல போயிட்டிருந்தோம். நான் சன்னல் ஓரம், நீங்க பக்கத்துல. திடீர்னு கடை போர்டெல்லாம் பேச ஆரம்பிச்சிடுச்சுப்பா. முடிவெட்டற கடை, டயர் கடை, பல் டாக்டர், எல்லாம். நான் கேக்காமலே ஒவ்வொண்ணா வந்து காதுக்குள்ள பேரு சொல்லுது. சன்னலப் பிடிச்சுக்கிட்டேன். பஸ் நிக்கக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.”

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேனாம். பத்தொன்பது வருடம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் நான் காத்திருந்த அந்த நொடி, என் முழங்கையை உரசிக்கொண்டு நடந்திருக்கிறது.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“எப்படிப்பா சொல்றது?” என்றாள் ஷர்மிளா. “நான் வாசிப்பேன்னு நீங்கதான் மூணு வருஷமா நெனச்சிட்டிருந்தீங்களே.”